மழைக்கு வாளி எடுக்காதவன்

அன்புள்ள வள்ளிக்கு,

நீ நலம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

இந்தப் பாலைவன முகாமில் ஆளுக்குத் தினம் ஒரு வாளித் தண்ணீர்தான். நேற்று திடீரென்று மழை கொட்டியது. எல்லோரும் வாளியோடு ஓடினார்கள். நான் மட்டும் ஐந்தருவியில் நிற்பதுபோல் தலையைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டேன்.

பாவூர்சத்திரத்து முருகையா அண்ணாச்சி கத்தினார்: "ஏலே குத்தாலம்! குளிச்சது போதும், வாளிய எடுத்து வைலே!"

எடுத்து வருவதற்குள் மழை நின்றுவிட்டது. அவர்தான் தன் வாளியிலிருந்து பாதியை எனக்கு ஊற்றினார். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அதிலிருந்து மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை.

அங்கே சாரல் விழுகிறதா? சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகினால் உடனே வாஷரை மாற்று. ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவும்போது கூப்பிடு, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வை. தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும். எனக்காகச் சும்மா திறந்து மட்டும் விடாதே.

தபால் வண்டி கிளம்புகிறது.

உன்
குற்றாலீஸ்வரன்