சிவப்புப் பாக்கெட் மாவு

பிப்ரவரி 11

கடையில் மாவுக்கென்றே ஒரு சுவர். ஊரில் மளிகைக்கடையில் போய் மைதா என்றால் மைதா வரும். இங்கே ஏழெட்டு விதம். எதிலும் எனக்குப் புரிகிற எழுத்து ஒன்றுகூட இல்லை. படத்தைப் பார்த்து வாங்கலாம் என்றால் எல்லாவற்றிலும் அதே கோதுமைக் கதிர். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

ஊரில் கேக் செய்து விற்றேன், எங்கள் தெருவில் என்னைக் கேக்கக்கா என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தவர்கள் அலைந்திருக்கிறார்கள். இங்கே நான் இவருடைய மனைவி. அவ்வளவுதான்.

பிப்ரவரி 14

கீழ்வீட்டு நர்ஸ் மகனுக்கு அடுத்த சனிக்கிழமை பிறந்தநாள். "எப்பவும் உங்க அக்காகிட்டதான் கேக் வாங்குவோம். இந்தத் தடவை நீங்க பண்ணுங்களேன்" என்றார்.

அக்கா என்றால் என் ஓரகத்தி, இவருடைய அண்ணன் மனைவி. எங்களுக்கு முன்பே இங்கே வந்தவர். நம் ஆட்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் அவர் கேக்தான். தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று நானே போய்ச் சொன்னேன். "எனக்கென்னடி, கை வலிதான் மிச்சம். நீ பண்ணு" என்று சிரித்தார்.

இது மட்டும் நன்றாக வந்துவிட்டால் நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும். மறுபடி எனக்கென்று ஒரு வேலை, ஒரு பெயர்.

பிப்ரவரி 16

அக்காவே கடைக்குக் கூட்டிப்போனார். வண்டியைக்கூட அவர்தான் தள்ளினார். நேராகப் போய் ஒரு சிவப்புப் பாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "நான் இதைத்தான் போடுறேன்" என்றார்.

பேக்கிங் பவுடர் ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறேன், சேலைக்கு நடுவில் சுற்றி, என்றேன்.

"அடேங்கப்பா, கெட்டிக்காரி."

கூடப் பிறந்தவள்கூட இவ்வளவு செய்வாளா?

பிப்ரவரி 18

ஒத்திகை பார்த்தேன். மாவு புஸ்ஸென்று பொங்கி விளிம்பைத் தாண்டியது, பிறகு நடுவில் குழி. பவுடர் கூடிப்போனால்தான் இப்படி ஆகும், எனக்குத் தெரியாதா? பாதியாகக் குறைத்து இன்னொன்று போட்டேன். அதுவும் குழி. வாயில் வைத்தால் ஒரு கசப்பு, நாக்கில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது.

அக்காவுக்குப் போன் செய்தேன். "ஓவன் புதுசில்ல? சூடு பிடிபடணும். போகப்போக சரியாயிடும்."

இவர் ஒரு துண்டு தின்றுவிட்டு, "தண்ணி மாறிப்போச்சு, அதான்" என்றார். சமையலறைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர் சொல்லும் விளக்கம்.

பிப்ரவரி 20

பவுடரை இன்னும் குறைத்தால் கேக் களியாகிவிடும் என்று அதில் கைவைக்கவில்லை. சூட்டைத்தான் குறைத்தேன். குழி கொஞ்சம் சின்னதாகியிருக்கிறது. அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 21

குழியைக் கிரீம் போட்டு மூடிக் கொண்டுபோனேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பிறந்தநாள் பிள்ளையே வாயில் வைத்ததைத் துப்பிவிட்டான். நர்ஸ் அவசரமாக அவன் வாயைத் துடைத்தார். மற்றவர்கள் தட்டை அப்படியே மேசை ஓரம் வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

"பாவம், புது இடம். அடுத்த தடவை நல்லா வரும்" என்று அக்கா எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தோளில்தான் சாய்ந்துகொண்டேன்.

பிப்ரவரி 22

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 25

கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்க நர்ஸ் வந்தார். சமையல் மேடையில் சிவப்புப் பாக்கெட்டைப் பார்த்தார். அவருக்கு இந்த ஊர் எழுத்து தெரியும்.

"இதுல பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்குமே. இதுக்கு மேலயா போட்டீங்க? அக்கா சொல்லலையா?"

போனை நீட்டினால் அதுவே படித்துச் சொல்லியிருக்கும். அக்கா பக்கத்தில் நிற்கும்போது போன் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

அக்கா பொய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மாவைத்தான் போடுகிறார் – பவுடர் சேர்க்காமல் போடுகிறார். நான் பவுடரைப் பற்றிச் சொன்னப்போ தெரியாதா? போன் பண்ணி அழுதப்போ தெரியாதா? தெரிஞ்சே என்னை அத்தனை பேர் முன்னாடி நிக்க வச்சா. நான் என்ன அவ சோத்துல மண்ணள்ளிப் போட்டேனா? வயிறு எரியுது.

பிப்ரவரி 26

கேட்டேவிட்டேன்.

"நீ கேக்கலையேம்மா. இத்தனை வருஷம் பண்ணினவ, உனக்குத் தெரியாதான்னு நினைச்சேன்." அதே சிரிப்பு.

இவரிடம் சொன்னால், "அண்ணி வேணும்னா செய்வாங்க? சின்ன விஷயத்தைப் பெருசாக்காத" என்கிறார். சின்ன விஷயம்தான். மாவுதானே.

மார்ச் 8

நீலப் பாக்கெட். இதில் எதுவும் கலக்கவில்லை, போனில் படித்துப் பார்த்து, நர்ஸிடமும் கேட்டுவிட்டேன். கேக் அப்படியே ஊரில் வந்த மாதிரி வந்தது. நர்ஸுக்கு ஒரு பாதி. மீதியை மேடை ஓரம் நின்றுகொண்டே தின்றேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

ஜூன் 13

இந்த மாதம் ஒரு சனிக்கிழமைகூடச் சும்மா இல்லை. எல்லாம் நர்ஸ் சொல்லி வந்தவர்கள். வழக்கமாக நீலம், அவசரத்துக்குச் சிவப்பு, பவுடர் சேர்க்காமல். இரண்டும் அத்துப்படி. இன்று ஒரு வாண்டு மாடிப்படியில் "கேக்கக்கா" என்று கூப்பிட்டது.

அக்கா ஓவன்மேல் துணி போட்டு மூடிவைத்திருக்கிறாராம். பாவமாக இருக்கிறது என்றார் இவர். எனக்கு இரக்கம் வரவில்லை.

அக்டோபர் 3

இவர் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். அவர் மனைவிக்குக் கடையைக் காட்டச் சொன்னார். சின்னப் பெண், கலகலவென்று பேசுகிறாள். மாவுச் சுவருக்கு முன்னால் வந்ததும் வாயடைத்து நின்றுவிட்டாள்.

"நானும் ஊர்ல கேக் ஆர்டர் எடுத்துட்டிருந்தேங்க்கா. இங்க எது என்னன்னே புரியல. நீங்க எதைப் போடுறீங்க?"

வண்டியை நான்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். நீலம் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. குனிந்து சிவப்பை எடுத்துக் கொடுத்தேன். நானும் போடுகிற மாவுதானே.

"பேக்கிங் பவுடர் எந்தப் பக்கம்க்கா?"

அடுத்த வரிசையைக் காட்டினேன். ஓடிப்போய் இரண்டு டப்பா எடுத்துவந்தாள், ஒன்று கைக்காவலுக்காம்.

கெட்டிக்காரி என்றேன்.