மல்லிகா பதவியேற்ற புதன்கிழமை

அக்டோபர் 20, புதன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.

பத்தரைக்கு வெள்ளிமலைப் பக்கம், மலையில், மல்லிகா ஊராட்சித் தலைவராகப் பதவியேற்கிறாள். அந்த ஊராட்சிக்குப் பெண் தலைவர் இதுதான் முதல் முறை. கல்லூரி ஹாஸ்டலில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். வேட்புமனுவைத் தட்டச்சு செய்ததே நான்தான். இப்போது நான் கள்ளக்குறிச்சியில், வக்கீல் ஆபீசில், யாருடைய பாகப்பிரிவினைப் பத்திரத்தையோ அடித்துக்கொண்டு.

போகக் கூடாது என்று மாமியார். மணலூர்பேட்டையில் என் வீட்டுக்காரருடைய பங்காளி ஒருவர் போன வாரம் இறந்தார். நான் இரண்டு முறை பார்த்த மனிதர். கருமாதி வரை தீட்டு. ஆபீசுக்குப் போகலாமாம், கடைக்குப் போகலாமாம். நல்ல காரியத்துக்குத்தான் ஆகாதாம்.

"நாளைக்கு அவளுக்கு எதனா ஒண்ணு ஆச்சின்னா ஒன்னத்தான் சொல்லுவாங்க" என்றார். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

ஒன்பது மணிக்கு மல்லிகாவுக்குப் போன். தீட்டு என்று சொல்ல வாய் வரவில்லை. என் அம்மா இறந்த அன்று அவள் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. பந்தலில் சொந்தக்காரர்களை அப்படியே விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்தவள். அவளிடம் போய் எப்படி? ஜுரம் என்றேன்.

"எவ்ளோ ஜுரம்டீ? டெஸ்ட் எடுத்தியா?"

"சாதா ஜுரந்தான்."

"வராத, படு. மழையில பஸ் ஏறிக்கினு இருக்காத."

குரல் இறங்கிப்போனது. நல்லபடியாக நடக்கட்டும் என்று சொல்லக்கூட மறந்தேன்.

அக். 21, வியாழன்

பால், துணி சோப்பு, இவருடைய மாத்திரை.

பேப்பரில் எல்லா ஊராட்சிக்கும் சேர்த்து ஒரே செய்தி. அவள் பெயர் இல்லை. டீக்கடை வாசலில் இரண்டு பேர்:

"மலையில ஒரு பொம்பள தலைவராமே."

"பேருக்குத்தான் பொம்பள. சீட்ல குந்தறது புருசனா இருக்கும்."

"அவளுக்குப் புருசன் இல்லியாம்பா, செத்துட்டானாம்."

"அப்ப தம்பி குந்துவான், வுடு."

சிரிப்பு. திரும்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். சில்லறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் அவள் தம்பி அனுப்பிய வீடியோ. நான்கு நிமிடம். மூன்று முறை பார்த்தேன். தகரக் கூரையில் மழை, பாதி கேட்கவில்லை. மல்லிகா பச்சைச் சேலை. உறுதிமொழித் தாளை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலி, அதன் மேல் அவளுடைய கைப்பை. யாரோ உட்காரப் போகிறார். அவள் அக்கா தடுக்கிறாள். "அது கலாவுக்குங்க. வேற எடம் பாருங்க."

ஜுரம் என்று நான் சொன்ன பிறகும் எனக்கு இடம்.

அக். 22, வெள்ளி

வெள்ளிமலை பஸ் கண்டக்டர் ஆபீசுக்கே வந்து ஒரு பை கொடுத்தார். மிளகு, ஒரு பாட்டில் தேன், ஏதோ வேர்.

"தலைவரம்மா குட்தாங்க. கஷாயம் வெச்சி குடிக்கணுமாம். ஜுரம்னாங்க, நல்லாத்தான கீறீங்க?"

"விட்டுப்போச்சு."

ஒரு பொய்க்கு இன்னொன்று. பையை மேசைக்கு அடியில் தள்ளினேன். சொல்லிவிட வேண்டும். போனில் வேண்டாம், நேரில். கருமாதி முடியட்டும்.

அக். 24, ஞாயிறு

அதற்குள் அவளே வந்துவிட்டாள்.

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசலில் மாமியார் குரல்: "அங்கியே நில்லும்மா. தீட்டு வூடு. புதுசா பதவி ஏத்துக்கினு வந்துகிற, ஒனக்கு ஆவாது."

நல்ல மனதோடுதான் சொன்னார்.

"யாருங்க போயிட்டாங்க?"

"பங்காளி. பத்து நாள் ஆச்சி."

ஈரக் கையோடு போய் நின்றேன். மல்லிகா என்னைப் பார்த்தாள்.

"அப்ப ஜுரம் இல்ல."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். தண்ணீர் கேட்டாள். நின்றபடியே குடித்தாள்.

"தீட்டுன்னு சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பேன்? நாலு திட்டு திட்டிட்டு வுட்டிருப்பேன். ஜுரம்னு கேட்டுட்டு மேடையில நிக்கவே முடியலடீ எனக்கு."

கையில் நோட்டுத் தாள். அவள் ஊர் ஓடைக்குப் பாலம் கேட்டு மனு. தலைவரானதும் எழுதிய முதல் மனு, நாளைக்குக் கலெக்டர் ஆபீசில் கொடுக்க. அடித்துத் தர என்னிடம் கொண்டுவந்திருக்கிறாள். கை நீட்டினேன். நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வேணாம். நீ ஒடம்பப் பாத்துக்க."

படியிறங்கிப் போய்விட்டாள். "காபி கூட குடிக்கலியே" என்றார் மாமியார்.

அக். 25, திங்கள்

மழை. தலைவலி.

ஆபீஸ் ஜன்னலுக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், ஒரு டைப்பிங் கடை. ஒன்பதே முக்காலுக்கு அங்கே மல்லிகா. குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

கடைக்காரர் உரக்கக் கேட்டார். "அனுப்புநர்னு இன்னாம்மா போடணும்?"

"ஊராட்சி மன்றத் தலைவர்."

லாரி ஒன்று போனது. "சத்தமா சொல்லும்மா."

"ஊராட்சி மன்றத் தலைவர்!"

தெரு முழுக்கக் கேட்டது. புதன்கிழமை கேட்காமல் விட்டதை இப்போது அவள் வாயால் நேரில் கேட்கிறேன். எழுந்து நின்றுவிட்டிருந்தேன்.