பலகையில் எழுதிய உண்மை

சிகாகோ, நவம்பர் 1965

அன்புள்ள ஒடெல்லாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? பிள்ளைகள் சுகமா? நான் நலம், தொப்பைக்கும் குறைவில்லை.

நான் பெயிண்ட் அடித்த வீட்டையே நமக்கு வாடகைக்குக் கேட்டேன். "அது நேத்தே போயிடுச்சுப்பா" என்றார் வீட்டுக்காரர். அதே மூச்சில், "வாசல்ல 'வீடு காலி' போர்டு வெளுத்துக் கெடக்கு, அதையும் அடிச்சிட்டுப் போ" என்றார். பளிச்சென்று அடித்தேன். கீழே 'வெள்ளையருக்கு மட்டும்' என்றும் சேர்த்தேன்.

"யாருடா இதை எழுதச் சொன்னது?" என்று குதித்தார்.

"நீங்கதான் ஐயா, இப்பத்தானே சொன்னீங்க!"

வேலை போயிற்று. பயப்படாதே, வேறு வேலை கிடைக்கும். கறுப்பர்களான நமக்கு வீடுதான் கிடைக்காது. இங்கே வரக் கட்டிவைத்த மூட்டைகளை அவிழ்த்து, கம்பளியை மட்டும் அனுப்பு. இந்த எலிப்பொந்து அறையில் என் வயிற்றெரிச்சலைத் தவிர வேறெதுவும் சூடாக இல்லை.

அவசரத்தில்,
உன் ஹோஸியா