உன் மருமகளுக்கு ஊசிக் காய்ச்சல்

மச்சான்,

காய்ச்சல் மருந்தின் இனிப்பு வாசனை வீடு முழுக்க அடிக்கிறது. உன் தங்கை பெற்ற மகளுக்கு, நீ பார்க்காமலே போன உன் மருமகளுக்கு, இன்று காலை தடுப்பூசி போட்டோம். தொடையில் சின்ன வீக்கம். உடம்பு சுடுகிறது. அந்த மருந்துப் புட்டியை நான் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் சந்தேகப் புத்தி உனக்குத் தெரியாததா? காட்டுக்கிழங்கு தோண்டி வந்து அவித்தால், முதல் துண்டு உன் வாய்க்குத்தான் போகும். நாக்கு அரிக்கிறதா என்று உன் முகத்தையே பார்ப்பேன். நீ தலையாட்டிய பிறகுதான் என் கை சட்டிக்குள் போகும்.

கொரோனா ஊசி போட மலைக்கு ஆட்கள் வந்தபோதும் அதே ஏற்பாடுதான். "நீ போட்டுக்கோ மச்சான், நான் அப்புறமா பாத்துக்கறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே சட்டைக் கையைச் சுருட்டினாய். சாயங்காலம் உன்னால் கையைத் தூக்க முடியவில்லை. குளிர், உடம்பு வலி. நான் கட்டிலுக்கு எதிரே குந்திக்கொண்டு உன்னையே பார்த்தேன்.

"இன்னா மாப்ளே, கெழங்கு வெந்துச்சான்னு பாத்துக்கினு கீறியா?" என்றாய்.

இரண்டாம் நாள் களத்தில் சாமை மூட்டை தூக்கினாய். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் போய்ப் போட்டுக்கொண்டேன். எனக்குக் கை மட்டும்தான் வலித்தது. அதற்கு நான் போட்ட கூச்சலை இங்கே எழுத வேண்டாம்.

போன மழையில், மலைப்பாதை வளைவில் வண்டி சறுக்கி நீ போய்விட்டாய். துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவர், "அந்த ஊசி போட்டதுலேர்ந்தே அவன் ஆளு செரியில்ல" என்றார். சேற்றில் டயர் இழுத்த தடத்தை நானே கண்ணால் பார்த்தவன். இருந்தும் அந்தப் பேச்சு முள்ளாக உள்ளே தங்கிவிட்டது.

அதனால்தான் இன்று காலை நர்ஸம்மாவிடம், "இது தாய்மாமன் இல்லாத புள்ளங்க. அவன் மடியில வெக்காம எப்பிடிங்க குத்தறது?" என்று சாக்குச் சொல்லிப் பார்த்தேன்.

"அது காது குத்தறதுக்குங்க. இதுக்கு உங்க மடியே போதும், ஒக்காருங்க" என்றார். குத்திவிட்டு, மருந்துப் புட்டியையும் கையில் கொடுத்து, "ஒண்ணு ரெண்டு நாளு காய்ச்சல் இருக்கும், வீங்கும், அழும். சொன்ன அளவு மருந்து குடுங்க. குத்தின எடத்தைத் தேய்க்காதீங்க. காய்ச்சல் விடலன்னாலும் பால் குடிக்கலன்னாலும் ஒடனே தூக்கிக்கினு வாங்க" என்றார்.

கிழியும் என்று சொல்லி ஊசி நூலையும் சேர்த்துக் கொடுக்கிற துணிக்கடையை எப்படி நம்புவது? உன் தங்கையிடம் கேட்டேன்.

"எங்கண்ணன் இருந்தா உன்ன வெச்சே வூடு சிரிச்சிருக்கும். மொதல்ல மருந்த குடு" என்றாள்.

ஒரு சொட்டை என் நாக்கில் விட்டுப் பார்த்தேன். அரிக்கவில்லை. உன்னைப் போலவே தலையாட்டினேன். அழுதுகொண்டிருந்தவள் என் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு நெற்றி வியர்க்கிறது. சூடு இறங்குகிறது. ஒரு கையால் என் மீசையைப் பிடித்து இழுக்கிறாள். சந்தேகம் இன்னும் முழுசாகப் போகவில்லை மச்சான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த ஊசிக்கும் என் மடியில்தான் உட்காருவாள். இந்த வீட்டில் இனி முதல் துண்டு என் வாய்க்கு.