பாலத்தில் கட்டான போன்

லாயாங் லாயாங்,
ஞாயிற்றுக்கிழமை.

என் பேரன் ரூபேந்திரனுக்கு, உன் பாட்டி பேச்சியம்மாள் எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும். நான் வெள்ளிக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

தாத்தா இறந்த அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்கிறேன். கட்டிலில் உன் தாத்தா அர்ச்சுனன். தலைமாட்டில் நான். அவர் காலைப் பிடித்துக்கொண்டு உன் அம்மா செல்வராணி. ஜன்னலை ஒட்டி உன் மாமா திருச்செல்வம். தாத்தா காதில் போனை வைத்துப் பிடித்திருந்தது மாமா மகள் ஷர்மினி. வாசலில் ஜெபமாலையோடு பக்கத்து வீட்டு அமலோற்பவம். நீ மட்டும் சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸில், கடல் பாலம் தாண்டி இந்த நாட்டுக்கு வந்துகொண்டிருந்தாய்.

மணி பதினொன்று இருபத்தைந்து. தாத்தா உன்னிடம், "ரூபா, எங்கய்யா வர்ற?" என்றார். நீ, "பாலத்துல வர்றேன் தாத்தா. நான் உங்ககிட்ட..." என்றாய். அதோடு சத்தம் நின்றுவிட்டது. அவர் வெறும் போனில் "அலோ, அலோ" என்று ஆறு தடவை கூப்பிட்டார். நான் எண்ணினேன்.

அதற்கு முந்திய மாதம் என்னோடு போட்ட சண்டையில் நீ என் முகத்திலடித்த மாதிரிப் போனை வைத்தவன். அதனால் இதுவும் அப்படித்தான் என்று முடிவு கட்டினேன். பிறகு மூன்று தடவை போன் அடித்தது. ஷர்மினி எடுக்கப் போனாள். "எடுக்காதே, சாகப்போற மனுசன்கூட வெளையாடுறானா?" என்று நான்தான் தடுத்தேன். பன்னிரண்டு பத்துக்கு அவர் மூச்சு நின்றது.

நீ மூன்று மணிக்கு வந்து, "நான் வெக்கல பாட்டி, பாலத்துல லைன் கட்டாயிடுச்சு" என்று அழுதாய். நான் நம்பவில்லை. தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறவன் திருச்செல்வம். அத்தனை பேர் முன்னால் அவனைத்தான் கேட்டேன், "அப்படி ஆகுமாடா?" என்று. "என் போன்ல ஆனதில்லம்மா" என்றான். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் உன் கையிலிருந்த நெய்ப்பந்தத்தைப் பிடுங்கினேன். மற்றப் பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்துச் சுற்றிவந்தார்கள். தாத்தா தோளில் வளர்ந்த நீ கொய்யா மரத்தடியில் வெறுங்கையோடு நின்றாய். நீலக் கோடு போட்ட சட்டை.

மூன்று வருஷம் பதினோரு மாதம் ஆயிற்று.

போன வெள்ளி, சிங்கப்பூரில் ஒரு கல்யாணத்துக்கு ஷர்மினி என்னை பஸ்ஸில் கூட்டிப்போனாள். அவளும் இப்போது அங்கேதான் வேலை செய்கிறாள். வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்று அமலோற்பவத்துக்குப் போனில் சொல்லிக்கொண்டே போனேன். பாலத்தில் பாதிப் பேச்சில் நின்றுவிட்டது. "பாத்தியா, எம்மூஞ்சிமேல வெச்சிட்டா. இனி அவ வீட்டுத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்" என்றேன். ஷர்மினி சிரித்துவிட்டாள். "ஐயோ பாட்டி, அவங்க வெக்கல லா! இங்க நம்ம லைன் முடிஞ்சு சிங்கப்பூர் லைன் ஏறும். பேசிட்டே போனா பாதி நாள் கட்டாயிடும். அப்புறம் லைன் புடிக்கவும் கொஞ்ச நேரம் ஆகும். வேலைக்குச் சேர்ந்த மொத நாளே அப்பா சொன்னாரு, பாலத்துல முக்கியமானது எதுவும் பேசாத, தாண்டினப்புறம் பேசுன்னு."

அப்பா சொன்னாராம்.

திரும்பி வரும்போது ஷர்மினியைச் செல்வராணியோடு பேசிக்கொண்டே வரச் சொன்னேன். காதை வைத்துக் கேட்டேன். கடல் முடிகிற இடத்தில் உன் அம்மா குரல் அப்படியே அறுந்தது. யாரும் எதையும் அழுத்தவில்லை. ஷர்மினி முகத்திலும் ரத்தம் இல்லை. அவளுக்கும் அப்போதுதான் அந்த நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவள் பள்ளிக்கூடப் பிள்ளை, பாலத்தையே பார்த்தது கிடையாது. பஸ்ஸிலிருந்து இறங்கி கஸ்டம்ஸ் வரிசையில் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நேராகத் திருச்செல்வம் வீட்டுக்குப் போனேன். அவன் மறுக்கவில்லை. "கடைசி நேரத்துலயும் அப்பா அவனைத்தானே கேட்டாரு. பக்கத்துலயே நின்னேன்மா. என்னை ஒரு வார்த்தை கேக்கல" என்று சொல்லிவிட்டு அழுதான். ஐம்பது வயசு ஆள். நான் கண்ணைத் துடைத்துவிடவில்லை.

ரூபேந்திரா, இதையெல்லாம் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மூன்றாம் வகுப்புப் படிப்பு, எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். அந்த மூன்று தடவை அடித்த போனை எடுக்காதே என்றது என் வாய். அதற்கு நான் என்ன எழுதுவது? இரண்டு தாள் கிழித்துப் போட்டேன்.

ஒன்று மட்டும் செய். "நான் உங்ககிட்ட" என்று ஆரம்பித்தாயே, அதன் மீதியை எழுதி அனுப்பு. தாத்தா படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகப் படிக்கிறேன். அவருக்குக் காது மந்தம். இல்லை, நீயே வந்து சொல். அடுத்த மாதம் பதினான்காம் தேதி அவர் திதி. இலை போடுவதும் விளக்கேற்றுவதும் நீதான். யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ நோய் நொடி இல்லாமல், பெண்டு பிள்ளையோடு நிறைந்து இரு, என் அய்யா.

உன் வரவுக்கு வாசலில் உட்கார்ந்திருக்கும்
பாட்டி பேச்சியம்மாள்.

இன்னும் ஒன்று. அன்றைக்கு இருந்தவர்கள் எல்லாரையும் நினைத்துப் பார்த்தேன். ஷர்மினி மேல் கோபம் இல்லை. வாயைத் திறக்காமல் அழுத உன் அம்மா மேலும் இல்லை. அமலோற்பவத்தோடு பழையபடி பேசுகிறேன். திதிக்கு அவனும் வருவான், பெற்ற பிள்ளை, சோறு போடுவேன். ஆனால் என் கட்டை வேகும்வரைக்கும் மன்னிக்க மாட்டேன் ஒருத்தனை.

திருச்செல்வம்.