தேன்சிட்டு கத்துகிறதாம்

புதுப்பட்டினம்
12-6-2025, வியாழன்

அன்புள்ள லோகநாயகிக்கு,

நான் நலம். நீ, வைஷாலி, மாப்பிள்ளை, பேரன் தேஜஸ் எல்லோரும் நலமென்று வைஷாலி அனுப்பும் படங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனிதர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே. உயிருக்கு ஒன்றுமில்லை. போனில் ஆரம்பித்தால் பாதியில் தடுமாறி, கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது என்று எதையாவது சொல்லி வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகக் கடைசிவரை படி.

முதலில் வீட்டுச் செய்தி. வெயில் இன்னும் இறங்கவில்லை. மாலையில் கடல் காற்று வருகிறது, அதுவரை வீடு அடுப்புதான். முருங்கை பூத்திருக்கிறது. உன் மல்லிகைக்குத் தினமும் தண்ணீர் விடுகிறேன். சமையலில் ரசம் தேறிவிட்டது. சாம்பார் இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை.

சிரிக்காதே, எனக்கு ஒரு புது வேலை வந்திருக்கிறது. ஏப்ரல் மாதம் ஒருநாள் கொல்லைக் குழாயில் ஒரு மைனா தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, சொட்டப்போகும் ஒரு துளிக்காக வாயைத் திறந்து காத்திருந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை. உடைந்த குழம்புச் சட்டியின் அடிப்பாகத்தில் தண்ணீர் ஊற்றி வாழைமரத்தடியில் வைத்தேன். கூடவே மிச்சச் சோற்றையும் போட்டேன். இரண்டே நாளில் ஊர்க் காக்கை முழுவதும் வந்துவிட்டது, பின்னாலேயே ஒரு பெருச்சாளியும். மீன் கொண்டுவரும் பொன்னி பார்த்துவிட்டு, "சோறு போட்டா எலிதான் வரும் அண்ணாத்த. தண்ணிய மட்டும் வையி, அது போதும்" என்றாள். அப்படியே செய்தேன். சட்டி ஆழமாக இருக்கிறதென்று உள்ளே ஒரு கருங்கல்லையும் வைத்தேன்.

இப்போது காலை ஏழு மணிக்குத் தவிட்டுக் குருவிகள் கூட்டமாக வந்து சண்டை போட்டுக்கொண்டே குளிக்கின்றன. கொண்டைக்குருவி தனியாக வரும், குளித்துவிட்டு வேலி மேல் உட்கார்ந்து ஒவ்வொரு இறகாகக் கோதும். செம்போத்து ஒன்று மதில் மேல் மேலதிகாரி போல நடந்துவரும். வரைபடப் பிரிவில் முப்பது வருஷம் குழாயும் வால்வுமாக வரைந்த கை, இப்போது பென்சிலால் குருவி வரைகிறது. ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். வால் சரியாக வரவில்லை.

உன் துணிக்கொடிக் கம்பியின் ஓரத்தில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. நாரும் சிலந்தி வலையும் காய்ந்த சருகுமாக ஒரு பை தொங்குகிறது. உள்ளே இரண்டு குஞ்சுகள். நான் துணியை முன்பக்கம் காயப்போடுகிறேன்.

அந்தத் தேன்சிட்டைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

கூடு கட்டத் தொடங்கிய நாட்களில் ஒருநாள் காலை, பொன்னி கூடையை இறக்கிவைத்துவிட்டு, "இன்னாமா கத்துது பாரு! இத்தினிகாண்டு கீது, எம்மாஞ் சத்தம்" என்றாள். எது என்று கேட்டேன். "இன்னா அண்ணாத்த, காதாண்டயே கத்திகினு கீது, உனுக்குக் கேக்கலயா?" என்றாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவள் போனபிறகு கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நாலடி தூரத்தில் அந்தச் சின்ன உயிர் உட்கார்ந்திருந்தது. அலகு திறந்தது, தொண்டை துடித்தது, உடம்பே ஆடியது. எனக்கு ஒரு சத்தமும் இல்லை, லோகா. சத்தத்தை நிறுத்திய டிவி மாதிரி இருந்தது.

நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறி ஒரு காது டாக்டரைப் பார்த்தேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். முதலில் சில கேட்டன. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அடுத்தது எப்போது வருமென்று விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பரிசோதனை செய்த பெண் கதவைத் திறந்து, "முடிஞ்சிருச்சு சார்" என்றாள்.

டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். வரைபடம் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாமே. கோடு பாதிவரை வந்து, அங்கிருந்து கிணற்றில் விழுந்தது போலக் கீழே போய்விட்டது. இரண்டு மூன்று வருஷமாகவே இப்படித்தான் இருந்திருக்கும் என்றார். குருவிகளின் குரல் முதலில் போகும், பெண்களும் குழந்தைகளும் பேசுவது அப்புறம் தெளிவில்லாமல் போகும், ஃபேன் ஓடும் அறையில் இருந்தால் அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவதுகூட விழாமல் போகலாம் என்று சாதாரணமாகச் சொன்னார்.

பஸ் நிலையத்தில் மூன்று பஸ்களை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கார்த்திகை மாதம் நீ துணி துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்தாயே, அந்தக் காலை. முன்னறையில் ஃபேனைப் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சேறு படிந்த சேலையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, "மூணு தரம் கூப்பிட்டேன், காதுல விழலையா?" என்று கேட்டாய். "நீ கூப்பிடவே இல்லையே" என்று நான் சொன்னேன். சொன்னதோடு விடாமல், விழுந்த கோபத்தில் பேசுகிறாய் என்றும் சொன்னேன். அன்றைக்கு உன் முகம் எப்படி மாறியது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வைஷாலியின் பிரசவத்துக்காகத் தை மாதம் புனே போனவள், நாலு மாதமாகியும் திரும்பும் பேச்சே எடுக்காதது குழந்தைக்காக மட்டும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நீ கூப்பிட்டாய். மூன்று தரம் கூப்பிட்டாய். பொய் சொன்னது நீ அல்ல.

இப்போது இரண்டு காதிலும் கருவி போட்டிருக்கிறேன், இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. முதல் நாள் பேப்பரைப் புரட்டினால் தகரத்தை மடக்குவது போலிருந்தது. என் செருப்புச் சத்தத்துக்கே திரும்பிப் பார்த்தேன். மறுநாள் காலை கொல்லைக் கதவைத் திறந்தேன். ஊசி குத்துவது போல அத்தனை மெல்லிசாக, விடாமல் ஒரு குரல். எங்கிருந்து வருகிறதென்று தேட வேண்டியிருக்கவில்லை. அங்கேயே நின்றுவிட்டேன். பொன்னி வந்து, "கேக்குதா?" என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன். அவள் மீனை வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மதியம் உன்னுடைய பழைய வாட்ஸ்அப் குரல் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். முன்பு அவை எனக்கு வெறும் முணுமுணுப்பு. உன்னிடம் திரும்பக் கேட்க வெட்கப்பட்டு, கட்டைவிரல் படத்தை அனுப்பிவிடுவேன். மார்ச் எட்டாம் தேதி அனுப்பியதை இப்போதுதான் கேட்டேன். குழந்தை தூங்குவதால் ரொம்ப மெதுவாகப் பேசியிருக்கிறாய். "எனக்கு இங்க ஒரு மாதிரியா இருக்குங்க. ஒரு தடவை வந்துட்டுப் போங்களேன். இவங்ககிட்ட சொல்லாதீங்க, நீங்களா வந்த மாதிரி இருக்கட்டும்."

அதற்கும் நான் கட்டைவிரல் அனுப்பியிருக்கிறேன். அனுப்பிவிட்டு வராமலும் இருந்திருக்கிறேன். மூன்று மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டு என்னவெல்லாம் நினைத்திருப்பாய்?

மன்னித்துக்கொள் என்று எழுதக் கை வருகிறது, எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. காதில் விழாதது என் குற்றமில்லை என்று டாக்டர் சொல்வார். விழாததை மறைத்ததும், உன்னைப் பொய்க்காரி ஆக்கியதும் என் குற்றம்தான். அதற்கு எந்தக் காகிதத்தையும் காட்டித் தப்பிக்க மாட்டேன்.

நான் புனே வரத் தயார். சட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் பொன்னி ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஆனால் இந்த முறை நானாக முடிவு செய்ய மாட்டேன். வரச்சொன்னால் வருகிறேன். நீ இங்கே வருகிறாயென்றால் சென்னை ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன். இரண்டும் வேண்டாம், இன்னும் கோபமிருக்கிறது என்றால் அதையாவது கூப்பிட்டுச் சொல்.

தேஜஸ் நீண்ட ஆயுளோடும் நல்ல கண்ணோடும் காதோடும் வளரட்டும். வைஷாலிக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். உன் முழங்காலைக் கவனித்துக்கொள்.

கூப்பிடு, லோகா. எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் கூப்பிடு.

என்றும் உன்,
சதாசிவம்