எதிராளிக்கும் கொஞ்சம் பனிமூட்டம்

ஸ்கெலட்டன்,
8.10.2000

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். என் மானம் மட்டும் சுகமில்லை.

நீ அனுப்பிய சிடியை எடுத்துக்கொண்டு நேற்று ஆண்டர்சன்பேட்டையில் கிளாரன்ஸ் நடத்தும் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போனேன். "எம் பொண்ணு செஞ்ச விளையாட்டு" என்று, அங்கே டைப்பிங் பழகிக்கொண்டிருந்த நர்ஸம்மாக்கள் நாலு பேருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஆளுக்கொரு கோட்டை, ஆளுக்கு முப்பது சிப்பாய்கள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கம்ப்யூட்டர். ‘மிக எளிது’ என்பதைத்தான் தேர்ந்தெடுத்தேன். பதினோரு நிமிடத்தில் என் கோட்டை எரிந்தது. வில்லாளிகள் அத்தனை பேரையும் வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தியது நானேதான்.

"இன்னா இன்பராஜண்ணா, ஆளுங்கள வெளிய வெச்சிட்டு நீங்க மட்டும் உள்ள இன்னா பண்றீங்க?" என்றான் கிளாரன்ஸ். நர்ஸம்மாக்கள் சிரித்த சிரிப்பு பஜார் வரைக்கும் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "வூட்ல நாங்க எல்லாம் வேல செய்யறப்போ நீங்க அதானே பண்றீங்க" என்றாள்.

அது போகட்டும். எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆடுகிறதே, அது யார்? அதற்கு யோசனை என்று ஒன்று உண்டா, இல்லை சாவி கொடுத்த பொம்மையா? என்னைத் தோற்கடித்தவனைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொள்ள ஆசை.

எரிந்துபோன கோட்டையின் சொந்தக்காரன்,
அப்பா இன்பராஜ்

*

பெங்களூர்,
17.10.2000

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் படித்துச் சிரித்ததில் மேனேஜர் பிரதாப் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தப் பக்கம் ஆடுவது நான்தான் அப்பா. அதாவது, நான் எழுதி வைத்த கட்டளைகள். படம் வரைய ஆள் இருக்கிறது, சத்தம் சேர்க்க ஆள் இருக்கிறது; எதிராளிக்கு மூளை வைப்பது மட்டும் என் வேலை. ஜனவரி 22-ஆம் தேதி இதை வாங்கப் போகிறவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்து ஆடிப் பார்க்கப் போகிறார்கள். எதிராளி நன்றாக இல்லையென்றால் இந்த வேலையை என்னிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, என்னை விளையாட்டின் மெனுத் திரைக்கு எழுத்து வரைய உட்காரவைத்துவிடுவார் பிரதாப். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அதனால் நீங்கள் ஆடுங்கள். எது முட்டாள்தனமாகத் தெரிந்தாலும் எழுதுங்கள். (உங்களுடையது வேண்டாம், என்னுடையது.) அம்மா முட்டி வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறாளா? நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

உங்கள்
ஜெனி

*

ஸ்கெலட்டன்,
12.11.2000

அன்பு ஜெனிக்கு,

மாத்திரை சாப்பிடுகிறாள். நான் எதிரே நின்றால்தான்.

மூன்று ஞாயிறும் ஆராதனை முடிந்த கையோடு கிளாரன்ஸிடம் போய்விட்டேன். சபையில் யாராவது கேட்டால், "அவுரு யுத்தத்துக்குப் போயிருக்காரு" என்று அம்மா சொல்கிறாளாம்.

முதலில் எளிதான ஆள். ஒரே ஒரு குதிரைக்காரனை அதன் கோட்டை வாசலில் நிறுத்தி, அது பார்த்ததும் ஓடவிட்டேன். முப்பது பேரும் துரத்திக்கொண்டு வந்தார்கள். குளத்தைச் சுற்றி எட்டு சுற்று! அதற்குள் என் மற்ற ஆட்கள் சாவகாசமாக நடந்து போய்க் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருத்தனையாவது விட்டுவிட்டு வரக்கூடாதா?

அப்புறம் ‘மிகக் கடினம்’. இதில்தான் விஷயம் இருக்கிறது. என் ஆட்கள் நிற்கும் இடம் தவிர மற்றதெல்லாம் திரையில் பனிமூட்டமாக மூடியிருக்கிறதல்லவா? அவனுக்கும் அப்படித்தானே இருக்கவேண்டும்? அவன் ஆள் ஒருத்தன்கூட எட்டிப் பார்க்காத காட்டுக்குள் வில்லாளிகளை ஒளித்து வைத்தேன். நேராக அங்கேயே வந்தான். இடம் மாற்றினேன். அங்கேயும் வந்தான். ஐந்து தடவை, ஐந்து இடம். ஆறாவது தடவை எந்தக் காட்டிலும் ஆள் வைக்கவில்லை. காட்டுப் பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோபித்துக்கொள்ளாதே. உன் ஆள் எட்டிப் பார்க்கிறான் அம்மா.

அப்பா

*

பெங்களூர்,
20.11.2000

அன்புள்ள அப்பா,

பிடித்துவிட்டீர்கள். ஆபீஸில் எட்டுப் பேர் ஆறு மாதமாக ஆடுகிறார்கள். காட்டைக் காலியாக விட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பனிமூட்டம் உங்களுக்கு மட்டும்தான். அவனுக்கு எல்லாமே தெரியும். ‘கடினம்’ என்றால் எட்டிப் பார்ப்பான், ‘எளிது’ என்றால் கண்ணை மூடிக்கொள்வான். இரண்டிலும் மூளை இல்லை. பிரதாப்பிடம் சொன்னேன். "யாருக்கும் தெரியாத வரைக்கும் அது புத்திசாலித்தனம்தான்" என்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒன்று கேட்கவேண்டும். எட்டு வயதிலிருந்து உங்களோடு செஸ் ஆடி ஜெயித்திருக்கிறேன். பெரியவளான பிறகுதான் புரிந்தது, நீங்கள் விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள் என்று. ஆனால் ஒரு ஆட்டத்தில்கூட எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. கடைசியாக ஆடினோமே, நான் ஜெயித்தால் பெங்களூர், நீங்கள் ஜெயித்தால் அம்மா பார்த்து வைத்த டீச்சர் வேலை என்று, அதுவும் நீங்கள் கொடுத்ததாகத்தான் இருக்கும். இங்கே ஏதாவது சறுக்கும்போதெல்லாம் அந்த நினைப்பு வரும். நானாக ஜெயித்து வந்தவள் இல்லையே என்று.

அதை விடுங்கள். எனக்கு அந்த வித்தை வேண்டும். ஆடுகிறவருக்குத் தெரியாமல், கடைசி வரை போராடி, சரியான நேரத்தில் தோற்கிற எதிராளி. உங்களைப் போல ஒருவன். எப்படிச் செய்தீர்கள்? ஒன்றுவிடாமல் எழுதுங்கள். ஜனவரிக்கு அதிக நாளில்லை.

ஜெனி

*

ஸ்கெலட்டன்,
10.12.2000

அன்பு ஜெனிக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் கூச்சம். மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

வித்தை ஒன்றும் இல்லை அம்மா. நான் நிஜமாகவே தோற்றேன். பெற்ற மகளிடம் தோற்க எனக்குத் தந்திரம் தேவைப்படவில்லை, ஆண்டவர் கொடுத்த மூளையே போதுமாக இருந்தது. உனக்குப் பத்து வயதில், நீ குதிரையால் என் ராணியை எடுத்தாயே, அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடே இறங்கவில்லை. அம்மாவைக் கேள். "கொயந்த கிட்ட தோத்துட்டு மூஞ்ச பாரு" என்று தெருவுக்கே சொன்னாள். ஆனாலும் ஊரே என்னை விட்டுக்கொடுக்கிற நல்ல அப்பா என்றது. நானும் மறுத்துப் பேசவில்லை. அது என் தப்பு.

ஆகையால் உன் எதிராளியை வேண்டுமென்றே தோற்க வைக்காதே. முழு மனதோடு ஆடட்டும். ஆனால் அவனுக்கும் கொஞ்சம் பனிமூட்டம் கொடு.

எப்படி என்று கேட்பாய். என் வேலையைப் பார். இருபத்தாறு வருஷமாகத் தங்கச் சுரங்கத்தில் கேஜை, அந்த இரும்புக் கூண்டை, ஏற்றி இறக்குகிறேன். ஆட்கள் ஏறின கேஜ் ஷாஃப்ட் குழிக்குள் எத்தனையோ ஆயிரம் அடி கீழே போய்விடும். நான் மேலே இன்ஜின் ரூமில். கண்ணால் பார்ப்பதே இல்லை. கீழேயிருந்து மணி அடிப்பார்கள், அதுதான் எனக்குத் தெரிந்த சேதி. அடுத்த மணி வரைக்கும் அங்கே என்ன நடக்கிறதென்று தெரியாது. கடைசியாகக் கேட்ட மணியை நம்பி நடப்பேன். சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டுத் திரும்பக் கேட்பேன்.

அவனும் அப்படி ஆடட்டும். காட்டில் வில்லாளியைப் பார்த்தானா, அந்த ஆள் போய்விட்ட பிறகும் அங்கேயே இருப்பதாக நினைக்கட்டும். சந்தேகம் வந்தால் ஒருத்தனை அனுப்பிப் பார்க்கட்டும். போனவன் திரும்பி வரவில்லையென்றால் அதுவும் ஒரு மணிதான். இத்தனைக்குப் பிறகும் தோற்றால் தோற்கட்டும், என்னைப் போல.

இது உன் கம்ப்யூட்டருக்குப் புரியுமா என்று எனக்குத் தெரியாது.

அப்பா

*

பெங்களூர்,
24.1.2001

அன்புள்ள அப்பா,

புரிந்தது! ஆறு வாரம் பிடித்தது, கிறிஸ்மஸுக்கு வரமுடியாமல் போனதும் இதனால்தான். அம்மா இன்னும் கோபமாக இருந்தால், செய்து வைத்த ரோஸ் குக்கீஸை பஸ்ஸில் கொடுத்தனுப்பித் தண்டிக்கச் சொல்லுங்கள்.

முந்தாநாள் வந்தவர்களில் ஒருவர், ஸ்டீவன் என்று பேர், காட்டுக்குள் நாலு ஆட்களைக் காட்டிவிட்டு நைசாக வெளியே கொண்டுபோனார். நம் ஆள் அந்தக் காட்டை விட்டு விலகியே நடந்தான். அப்புறம் நின்றான். ஒரே ஒரு சிப்பாயை அனுப்பினான். அந்தச் சிப்பாய் காட்டின் விளிம்பில் தயங்கி நின்றபோது ஸ்டீவன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "பயப்படறான் பாருங்க!" என்றார். நாற்பது நிமிடம் ஆடி, ஜெயித்து, உடனே இன்னொரு ஆட்டம் கேட்டார். எட்டிப் பார்க்கிறவனோடு யாரும் இரண்டாவது ஆட்டம் கேட்டதில்லை அப்பா. பிரதாப் இனி எதிராளி முழுக்க என் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

ஆனால் உங்கள் கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பது வேறு காரணத்துக்காக. இத்தனை வருஷமும் ஜெயித்தது நான்தானா? நம்பவே முடியவில்லை. ஆபீஸ் மொட்டை மாடியில் நின்று கொஞ்சம் அழுதேன், சந்தோஷம்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடைசி ஆட்டம், அந்தப் பந்தய ஆட்டம். அதுவும் நிஜம்தானா? அதைப் பற்றி நீங்கள் தனியாக ஒன்றும் எழுதவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும்.

ஜெனி

*

ஸ்கெலட்டன்,
4.2.2001

அன்பு ஜெனிக்கு,

உனக்குப் பதில் நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். "ஆமாம். அதுவும்தான்" என்று. குக்கீஸ் டப்பா வினய் ஓட்டும் பஸ்ஸில் வருகிறது, வாங்கிக்கொள் என்றும் எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதம் உன் கையில் இருக்கும். இந்தத் தாள் என் கையிலேயே இருக்கும்.

இந்த மாதக் கடைசியோடு மைன்ஸை மூடுகிறார்களாம். இன்ஜின் ரூமில் இப்போது மணிகள் குறைந்துவிட்டன. கை சும்மா இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பொய் எழுதியதற்கு இரண்டு காரணம். உன் அம்மாவுக்குத் தெரிந்தால், "பொண்ண கூட வெச்சிக்க ஒரு வழி இருந்துச்சி, அதையும் அடச்சிட்டீங்களா" என்று கேட்பாள். இன்னொரு காரணம் நீ. மொட்டை மாடியில் நின்று அழுததாக எழுதினாயே, அந்த அழுகையை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு மனமில்லை.

மற்ற ஆட்டமெல்லாம் நிஜம். நூறு தடவை கேட்டாலும் நிஜம், சத்தியமாக நான் அத்தனை மோசமான ஆட்டக்காரன்.

ஆனால் அன்றைக்கு நீ நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அம்மா உள்ளே டீச்சர் வேலைக்கான விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். உன் ராஜாவுக்கு முன்னால் உன் சிப்பாய்களே வழியை அடைத்து நின்றார்கள். என் யானை கடைசி வரிசைக்கு இறங்கினால் அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, நீ பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். மூன்று தடவை சரி பார்த்தேன். கை யானையின் மேல் வரைக்கும் போனது.

உன் முகத்தைப் பார்த்தேன். ஓரத்தில் இருந்த சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன்.